பாதம்மாவும் கழலாத பூட்ஸும்

பாதம்மாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. யாரும் அதை வெளியே எடுத்துப் புழங்குவதில்லை. பூட்ஸ் கடையின் முதல் மாடியில் பத்தொன்பது வருஷமாக வருகிறவர்களுக்கெல்லாம் அளவெடுத்து, போட்டுவிட்டு, கழற்றிவிட்டு வந்ததில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. "காலைப் பிடிச்சு எங்கயோ போனவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. நான்தான் பிடிச்ச இடத்துலயே உக்காந்திருக்கேன்" என்பாள். ஆனால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டாள்.

கடைக்கு வருவதற்கு முன் எட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறையில் வேலை. டாக்டர் ஈரத் துணியைச் சுற்றும்போது காலை அசையாமல் தூக்கிப் பிடித்துக்கொள்வதுதான் அவள் பொறுப்பு. எட்டு வருஷம் கால்களைத் தூக்கிப் பிடித்தவளுக்குத் தெரியாத சங்கதி காலில் இருக்க முடியாது. எந்த எலும்பு துருத்தும், காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு வீங்கும், வலிக்கவில்லை என்று சொல்கிறவனுக்கு எங்கே வலிக்கிறது, எல்லாம் அத்துப்படி. ஒருநாள் கணுக்கால் முறிந்து ஒருவர் வந்தார். அவள் முறிந்த காலைப் பிடித்துக்கொண்டே நல்ல காலைப் பார்த்தாள்.

"நீங்க போட்டிருக்கிற ஷூ உங்களுக்குப் பெருசுங்க. அதான் படியில தடுக்கியிருக்கு" என்றாள்.

அவர் பூட்ஸ் கடை முதலாளி. ஷூ அவர் கடை ஷூ. கட்டுப் பிரித்த மறுநாளே ஆளனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்.

கடையில் பாதம்மாவின் சட்டம் கறாரானது. அளவெடுக்க மாலையில்தான் வர வேண்டும். பகலெல்லாம் நடந்து கால் தன் முழு உருவத்துக்கு வந்திருக்கும். இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெரிய கால் சொல்வதுதான் தீர்ப்பு. நின்று பார்க்க வேண்டும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். "தோல் அகலத்துக்கு விட்டுக்குடுக்கும், நீளத்துக்கு விட்டுக்குடுக்காது. மாமியார் மாதிரி இல்ல, அது சொன்னாச் சொன்னதுதான்" என்பாள். அவளுடைய மாமியார் எப்படிப்பட்டவர் என்று இதிலிருந்து யாரும் கண்டுபிடித்ததில்லை.

அப்படியிருக்கையில்தான் அந்த ஜோடி பூட்ஸ் வந்தது. பெரிய வடிவமைப்பாளர் ஒருவர் கைப்பட வரைந்து தைக்கச் சொன்னது. கன்றுக்குட்டித் தோல், காய்ந்த பேரீச்சம்பழ நிறம், முழங்காலுக்கு நாலு விரல் கீழே வரை உயரம். நாடா கிடையாது, ஜிப் கிடையாது. ஜிப் வைப்பது தோலை அவமதிப்பது என்பது வடிவமைப்பாளர் கொள்கை. உட்புறத்தில் அவர் கையெழுத்து. கூடவே முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு கையேடு. தொடர்ந்து இரண்டு நாள் போடக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, அடுப்பருகே உலர்த்தக் கூடாது, மூன்று முறை மெழுகுக் களிம்பு பூசி ஊறவிட்டு, அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டாமல் தெருவில் காலே வைக்கக் கூடாது. பாதம்மா முழுவதும் படித்துவிட்டுச் சொன்னாள், "பச்சைக் குழந்தைக்கு இத்தனை சொல்லி அனுப்ப மாட்டாங்க."

முதலாளி அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். கையுறை போடாமல் தொட மாட்டார். அளவு நாற்பது. நாட்டிலேயே இந்த ஒரு ஜோடிதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவாளர் வந்தார், மனைவியோடு. கடைக்கு நேர் எதிரே தெருவுக்கு அந்தப் பக்கம்தான் அவர் அலுவலகம். ஊரில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றும் அவர் முத்திரை விழுந்த பிறகுதான் நடந்ததாக அர்த்தம். ஒரு புள்ளி விட்டுப்போனால் மனுவைத் திருப்பி அனுப்பிவிடுகிற மனிதர். அலுவலகத்துக்கு நூறு வயது நிறைகிறதென்று அவரை முழு உருவப் படம் எடுக்கப்போகிறார்கள், அதற்குத்தான் பூட்ஸ்.

பாதம்மா அளவுப் பலகையில் அவர் பாதத்தை வைத்துப் பார்த்து, நோட்டில் நேரம் போட்டு எழுதினாள்.

"நாப்பத்தொண்ணரை சார்."

"நாப்பது" என்றார் பதிவாளர்.

"இல்லிங்க சார், பலகை—"

"எனக்குக் கல்யாணம் ஆனப்போ நாப்பது. இருபத்தாறு வருஷமா நாப்பது."

"கால் வளந்திருக்கும் சார். வயசாக ஆக உள்ளங்கால் வளைவு தணியும், பாதம் நீளும். எல்லாருக்கும் உள்ளதுதான்."

"எனக்குத் தெரியாம இந்த ஊர்ல எதுவும் வளராதும்மா."

பதிவாளரின் மனைவி பாதம்மாவின் தோளைத் தொட்டார். "விட்டுடுங்கம்மா. இவர் பிடிச்ச முயலுக்கு மூணே கால்தான். மூணும் நாப்பதாம் நம்பர்."

முதலாளிக்கு விற்க ஆசை. பதிவாளருக்குப் போட ஆசை. பாதம்மாவின் பேச்சு எடுபடவில்லை. பூட்ஸுக்குள் பவுடர் தூவி, ஷூ மாட்டும் நீளக் கரண்டியைக் குதிகாலுக்குப் பின்னால் செருகி, பதிவாளர் இரண்டு காதுகளையும் பிடித்து இழுக்க (பூட்ஸின் மேல்விளிம்பில் இருக்கும் வார்க் காதுகளை), முதலாளி பின்னாலிருந்து தோளை அழுத்த, கால் மணி நேரத்தில் இரண்டு கால்களும் உள்ளே போய்விட்டன. பதிவாளரின் முகம் ஒரு நிமிஷம் பூட்ஸின் நிறத்துக்கு வந்து திரும்பியது.

"எப்படி சார் இருக்கு?"

"கச்சிதம்" என்றார். குரல் ஒன்றரை நம்பர் சின்னதாக வந்தது.

நாலடி நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

கழற்றலாம் என்று பாதம்மா குதிகாலைப் பிடித்து இழுத்தாள். பூட்ஸ் வரவில்லை, அடியில் சக்கரம் வைத்த நாற்காலிதான் உருண்டு வந்தது. முதலாளி நாற்காலியைப் பிடித்தார், முதலாளியைப் பதிவாளரின் மனைவி பிடித்தார். பாதம்மா இழுத்த இழுப்பில் அத்தனை பேரும் ஒரே வரிசையாகக் கண்ணாடி வரை போய் முட்டிக்கொண்டு நின்றார்கள். பூட்ஸ் மட்டும் காலில் இருந்த இடத்திலேயே இருந்தது.

"சின்னதா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். பக்கத் தையலைப் பிரிச்சிடறேன்" என்றாள் பாதம்மா.

தையல் என்ற சொல்லைக் கேட்டதும் முதலாளி நெஞ்சில் கை வைத்தார். "உள்ள கையெழுத்து இருக்குதும்மா!"

"சின்னதா இல்லாததை எதுக்குச் சின்னதுன்னு சொல்லணும்?" என்றார் பதிவாளர். "நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கழட்ட மனசு வரலை."

அப்போது மழை பிடித்துக்கொண்டது. பதிவாளர் அலுவலகம் போக வேண்டும் என்றார். முதலாளி ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டார். களிம்பு பூசவில்லை, ரப்பர் ஒட்டவில்லை, தெருவெல்லாம் தண்ணீர். "வாங்கிக்கிட்டேன்னு சொல்லுங்க சார், எங்க வேணும்னாலும் போங்க."

"வாங்கறது என் பரிசீலனையில இருக்கு" என்றார் பதிவாளர்.

"வீட்டுக்கு ஒரு பல்பு வாங்கவே ஆறு மாசம் பரிசீலிப்பார்" என்றார் மனைவி.

சின்னது என்று ஒப்புக்கொண்டால் தோற்றுப்போவார். வாங்கினால் ஆயுசுக்கும் அதைப் போட வேண்டும். ஆகவே இரண்டும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். பத்தரை மணிக்கு எதிர்ப்புறத்திலிருந்து அலுவலக எழுத்தர் குடையோடு ஓடிவந்தார். கல்யாணப் பதிவுக்கு ஒரு ஜோடி காத்திருக்கிறது, என்ன செய்ய?

பதிவாளர் யோசித்தார். பதிவேடு எங்கே இருக்கிறதோ அதுதான் அலுவலகம் என்று விதியில் எங்கேயோ இருப்பதாகச் சொன்னார். "இங்க கூட்டிட்டு வாங்க."

இப்படியாக அலுவலகம் தெருவைத் தாண்டி வந்தது. பெரிய பதிவேடு, முத்திரை, மைப்பெட்டி, பின்னால் நனைந்த கோழிகள் மாதிரி பெண்ணும் மாப்பிள்ளையும். அவர்களைச் செருப்புப் போட்டுப் பார்க்கும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஊருக்கெல்லாம் கால்கட்டுப் போடுகிறவர் தானே கால்கட்டோடு உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனால் பாதம்மாவுக்கு அதற்குள் ஒரு கவலை வந்திருந்தது. மணி ஏற ஏற வீக்கமும் ஏறும். காலைத் தூக்கி வைத்தால்தான் வடியும். கடை ஏணியைக் கொண்டுவந்து நாற்காலிக்கு முன்னால் சாய்த்து, பதிவாளரின் இரு கால்களையும் நாலாவது படியில் ஏற்றினாள். அவர் மல்லாந்தார். பதிவேட்டை வயிற்றில் வைத்துக்கொண்டார். இரண்டு புத்தம்புது உள்ளங்கால்களைப் பார்த்து மாப்பிள்ளை "சம்மதம்" என்றார். பெண்ணும் அப்படியே சொன்னாள். கையெழுத்துப் போடுகிற இடைவெளியில் அவள் ஒரு வெள்ளைச் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு மாடிப்படி வரை வரிசை நின்றது. எழுத்தருக்குக் கோப்பு வைக்க இடமில்லை. முதலாளி காலி அட்டைப்பெட்டிகள் கொடுத்தார். பிறப்பெல்லாம் குழந்தைச் செருப்புப் பெட்டியில், இறப்பு கறுப்பு ஷூ பெட்டியில், கல்யாணம் ஜோடி ஜோடியாக எதில் இடமிருக்கிறதோ அதில். ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம். எதிர்ப்புறத்தில் நிற்கக்கூட இடமிருக்காது. இங்கே மெத்தை நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி. தவிர, மல்லாந்து கிடந்தவருக்குக் காகிதம் சரியாகத் தெரியவில்லை. விட்டுப்போன புள்ளிகள் அன்றைக்குத் தப்பித்தன. மூன்று வருஷமாகப் பெயரில் ஒரு கொம்புக்காக அலைந்த ஒருவர் அரை நிமிஷத்தில் முத்திரை வாங்கி, நம்ப முடியாமல் இரண்டு ஜோடி காலுறை வாங்கிக்கொண்டு போனார். சித்தப்பாவின் இறப்பைப் பதிய வந்தவர் பூட்ஸ் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "இவர் இப்படியே இருந்துட்டாக்கூட—" என்று பாதம்மாவின் காதில் ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாவுக்கட்டு அறையில் ஒரு மனிதரைப் பார்த்திருக்கிறாள். கட்டு இறுக்கமா என்று கேட்டதற்கெல்லாம் "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று மீசையை நீவிக்கொண்டே இருந்தார். மறுநாள் பிரித்தபோது விரல்கள் நீலம் பாரித்திருந்தன. தப்பியது அதிர்ஷ்டம். அந்த மாதிரிச் சிரிப்புத்தான் இப்போது பதிவாளரின் முகத்தில் இருந்தது.

மூன்று மணிக்குக் கிட்டே போய் மெதுவாகச் சொன்னாள். "விரலை ஆட்டுங்க சார்."

"ஆட்டிக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்."

பூட்ஸின் மேல்தோலில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

"மரத்துப்போச்சா?"

"நல்ல பூட்ஸ் போட்டா போட்டதே தெரியாதுன்னு சொல்வாங்க இல்ல? அப்படி இருக்கு."

பாதம்மா நிமிர்ந்தாள். பக்கத்தில் பதிவாளரின் மனைவி கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு நின்றார். "நான் சொன்னாக் கேக்க மாட்டார். நீங்க சொன்னாலும் கேக்க மாட்டார். எழுத்துல இருந்தாத்தான் கேப்பார்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை பாதம்மாவைப் பிடித்துக்கொண்டது. நேரே எழுத்தரிடம் போனாள். "பதிவுல தப்பா ஒண்ணு இருந்தா என்ன சார் பண்ணணும்?"

"திருத்தல் மனு. ஏழாம் படிவம்" என்றார் எழுத்தர், குழந்தைச் செருப்புப் பெட்டியிலிருந்து தலையெடுக்காமல்.

"ஒண்ணு குடுங்க."

பூட்ஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் எழுதினாள். மனுதாரர்: பாதம்மா. திருத்தப்பட வேண்டியது: கால், இரண்டு. தற்போதைய பதிவு: நாற்பது. சரியான விவரம்: நாற்பத்தொன்றரை. எழுதி, வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் ஏழு பேர். குறுக்கே போனால் பதிவாளர் திருப்பி அனுப்பிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். நாலே காலுக்கு முறை வந்தது.

பதிவாளர் படிவத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் படித்தார். வெகு நேரம் படித்தார்.

"மனுதாரருக்கும் இந்த உறுப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"அளந்தவ சார்."

"ஆதாரம்?"

பாதம்மா நோட்டை நீட்டினாள். காலை பத்து மணி பத்து நிமிஷத்துக்கு எழுதியது. "சாட்சி?" என்றார் பதிவாளர்.

"நான் பார்த்தேன்" என்றார் மனைவி.

"பழைய பதிவு எப்போ எடுத்தது?"

"இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி" என்றார் மனைவி.

"நடுவுல யாரும் புதுப்பிக்கலையா?" பதிவாளரின் குரலில் நிஜமாகவே கோபம் இருந்தது. யார்மேல் என்பதுதான் தெரியவில்லை.

"இல்லை."

"பொறுப்பில்லாத்தனம்." பேனாவை எடுத்தார். பிறகு நிறுத்தினார். "ஆட்சேபனைக்குப் பதினஞ்சு நாள் அவகாசம் குடுக்கணும். விதி."

"பதினஞ்சு நாளா!" என்றாள் பாதம்மா. "சார், அதுக்குள்ள—"

எழுத்தர் விதிப்புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார். "உயிருக்கு ஆபத்துன்னா அவகாசம் வேண்டாம் சார். இருபத்திரண்டாம் பிரிவு."

"உயிருக்கு இல்லையே. காலுக்குத்தானே." அப்போதும் பதிவாளர் நியாயம் தவறவில்லை.

எழுத்தர் மூக்கைப் புத்தகத்தில் வைத்து ஒரு வரி கீழே இறங்கினார். "உயிர் 'அல்லது உறுப்பு'ன்னு இருக்கு சார்!"

வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பதிவாளர் கையெழுத்திட்டார். முத்திரையை ஊதி, வயிற்றின் மேலிருந்த பதிவேட்டில் ஓங்கிக் குத்தினார். "பதிவின்படி" என்று ஆரம்பித்தார், "இந்த பூட்ஸ் எனக்கு ஒன்றரை நம்பர் சின்னது."

சொல்லி முடித்து, காலை பத்தேகாலிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, "ஐயோ, அம்மா!" என்று ஒரு அலறல் போட்டார். மாடிப்படியில் நின்றவர்கள் தெருவுக்கே இறங்கிவிட்டார்கள்.

பாதம்மா ஒரு கணமும் வீணாக்கவில்லை. செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று ஊரில் கேட்பார்கள். தேவைப்பட்டால் காலுக்காக பூட்ஸைத் தறித்துவிட முடிவெடுத்து, தையல் பிரிக்கும் கத்தியை முதலாளியின் கண்ணுக்கு முன்னாலேயே பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பகலெல்லாம் கால் உயரத்தில் இருந்ததால் வீக்கம் நினைத்த அளவு இல்லை. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி உள்ளே பவுடர் இறக்கினாள். வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளைக் காலின் பின்பக்கத்தோடு சேர்த்துக் குதிகால்வரை செருகினாள். "விரலைக் கீழ பாத்து நீட்டுங்க. மூச்சைப் பிடிக்காதீங்க. உங்க ஆபீஸ்ல போன வாரம் நடந்ததைச் சொல்லுங்க."

"போன வாரம் பதினோரு பிறப்பு, நாலு—"

நாலு என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. வலது பூட்ஸ் கழன்றது, பாதம்மா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அட்டைப்பெட்டிகளின் மேல் விழுந்தாள். இடதுக்கு இன்னும் ஆறு நிமிஷம் ஆயிற்று. கத்தி தேவைப்படவில்லை.

காலுறையைக் கழற்றியபோது விரல்கள் வெளுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மெல்லத் தேய்த்தாள். நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. பதிவாளர் கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

"ரொம்ப வலிச்சுதும்மா" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"தெரியும் சார்."

மறுநாள் அலுவலகம் தன் இடத்துக்குப் போய்விட்டது. ஆனால் ஜனங்கள் ஒரு வாரம் வரை கடைக்குத்தான் வந்தார்கள். செத்தவர் பெயரைச் சொல்லி வரிசை எது என்று கேட்டவர்களை எதிர்ப்புறம் திருப்பி அனுப்புவதே முதலாளிக்கு வேலையாகிவிட்டது. அன்றைக்குப் பதிந்த ஜோடியின் சான்றிதழில் கல்யாணம் நடந்த இடம் 'ஆடவர் பூட்ஸ் பிரிவு, முதல் மாடி' என்று இருக்கிறது. மாற்றித் தருகிறேன் என்று எழுத்தர் சொல்லியும் அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

திருத்தல் உத்தரவின் நகல் ஒன்று விதிப்படி மனுதாரருக்கு வந்தது. பாதம்மாவின் புருஷன் பஸ் டிரைவர், அதை இரண்டு முறை படித்துவிட்டு, "ஒன்றரை நம்பருக்கா இத்தனை முத்திரை?" என்றார். பத்தொன்பது வருஷத்தில் அவள் சொன்ன நம்பரைச் சரி என்று யாரும் எழுத்தில் கொடுத்ததில்லை. காகிதத்தை நாலாக மடித்து அடையாள அட்டையோடு வைத்துக்கொண்டாள்.

பதிவாளர் அடுத்த வாரம் ஒரு மாலையில் வந்து நாடா வைத்த நாற்பத்தொன்றரை வாங்கிக்கொண்டார். அதற்குக் களிம்பு பூசிக்கொள்ள மாதத்துக்கு ஒருமுறை வருவார்; வேறு யாரும் கை வைக்கக் கூடாது. ஒருமுறை அவர் மனைவி தனியாக வந்தார். "பனியனும் ரெண்டு அளவு சின்னதாத்தான் போடறார். மூச்சு முட்டுது. இன்னொரு மனு எழுதிக் குடுங்களேன்" என்றார்.

"முழங்காலுக்கு மேல என் இலாகா இல்லிங்க" என்றாள் பாதம்மா.

அந்த பூட்ஸைத் தேற்ற அவளுக்குப் பத்து நாள் பிடித்தது. முதல் இரண்டு நாள் நிழலில் ஓய்வு. பிறகு உள்ளே மர அச்சு (கடையில் அதற்கு மரக்கால் என்று பெயர்) நுழைத்துச் சுருக்கம் எடுத்தாள். குதிரைமயிர் பிரஷால் தூசி தட்டி, மெழுகுக் களிம்பைத் துணியில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்து, ஒருநாள் ஊறவிட்டு, மறுபடி. தையல் இடுக்குக்குப் பல் தேய்க்கும் பிரஷ். மூன்று பூச்சு முடிந்து, அடியில் ரப்பரும் ஒட்டியாயிற்று. முதலாளி அதைத் திரும்பவும் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இனி யார் காலிலும் போட்டுப் பார்க்க விட மாட்டேன் என்று சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து, வேலை விடும் நேரத்தில் ஒரு பெண் வந்தாள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவள். நாளெல்லாம் பெடலை மிதித்த கால். அலமாரியைக் காட்டினாள். பாதம்மா அளந்தாள். இடது நாற்பது, வலது நாற்பதுக்கு ஒரு நூல் குறைவு. இன்னொரு முறை அளந்தாள். பிறகு எழுந்து முதலாளியிடம் போய்ச் சாவிக்குக் கையை நீட்டினாள்.

"ஆம்பளை பூட்ஸும்மா அது" என்றார் முதலாளி.

"காலுக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

வந்தவள் ஒரே இழுப்பில் போட்டாள், எழுந்தாள், கண்ணாடிவரை போய்த் திரும்பினாள். நடக்கும்போது குதிகால் உள்ளே அரை விரல் தூக்கியது; புது பூட்ஸில் அவ்வளவுதான் தூக்க வேண்டும். பாதம்மா சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள்: ஒருநாள் விட்டு ஒருநாள், நனைந்தால் உள்ளே காகிதம், அடுப்பருகே வேண்டாம், மாதம் ஒருமுறை களிம்பு. அந்தப் பெண் கேட்டுக்கொண்டு, போட்டது போட்டபடி படியிறங்கிப் போனாள். வெளியே மழை விட்டிருந்தது. தெரு நடுவில் ஒரு பெரிய குட்டை. சுற்றிப் போக இடமிருந்தும் அவள் நேரே அதற்குள் இறங்கினாள்.

முதலாளி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கண்ணை மூடியிருந்தார். "என்ன ஆச்சு? சொல்லும்மா, என்ன ஆச்சு?"

தண்ணீர் தோலின் மேல் முத்து முத்தாக உருண்டு வழிந்தது. பாதம்மா கடைசி முத்து விழும்வரை பார்த்தாள்.

"தெருமுனை திரும்பிட்டாங்க" என்றாள்.